உலர் கழிவுப் பை நிறைந்துகொண்டே போகிறது: வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

அல்சூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவின் அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் ஐந்து பேர் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். எங்களோடு என் மாமியார். குப்பையைப் பிரித்துக் கொடுப்பதில் எங்கள் வீட்டில் குறையில்லை. பச்சைத் தொட்டியில் ஈரக் கழிவு, சிவப்புத் தொட்டியில் நாப்கின் போன்றவை, தனிப் பையில் உலர் கழிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் இந்நகருக்குக் கட்டாயமாக்கிய முறையை, நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து கடைப்பிடிக்கிறோம்.

என்னை உறுத்துவது வேறு. பிரிக்கப் பழகிவிட்டோமே தவிர, போடும் குப்பையின் அளவு குறையவே இல்லை. உலர் கழிவு வண்டி வாரத்தில் சில நாட்கள்தான் வருகிறது. அது வருவதற்குள் பை வழிந்து நிற்கிறது. செயலியில் எதையாவது வாங்கினால் அட்டைப் பெட்டியும் காகிதப் பையும், ஓட்டலிலிருந்து வரவழைத்தால் கறுப்பு டப்பாக்கள், பிள்ளைகள் தின்னும் சிப்ஸ், பிஸ்கட் உறைகள், இட்லி மாவு வந்த பை, பால் பாக்கெட் என்று சேர்ந்துகொண்டே இருக்கிறது. என் மாமியாருக்கு அந்த டப்பாக்களை எறிய மனம் வருவதில்லை. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து அடுக்குகிறார். இப்போது அலமாரியில் பாத்திரம் வைக்க இடமில்லை.

இவற்றில் எதை முதலில் குறைத்தால் உண்மையான பலன் இருக்கும்? காய்கறிக் கழிவைச் சிறிய பால்கனியில் உரமாக்குவது நடக்கக்கூடியதா? வீட்டு வேலை இதனால் இன்னும் கூடிவிடாமல் செய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கழிவுமையத் தொண்டர்:

வணக்கம் சகோதரி. எங்கள் வார்டில் உள்ள உலர் கழிவு சேகரிப்பு மையத்துக்கு வார இறுதிகளில் சென்று உதவுகிறவன் நான். உங்கள் பை அங்கே கொட்டப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால், உங்கள் முதல் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

பையைக் கொட்டியதும் அங்கே பிரிக்கும் பெண்களின் கை முதலில் தேடுவது விலைபோகும் பொருள்களை. அட்டை, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், பால் பாக்கெட், அலுமினியம், இரும்பு ஆகியவற்றுக்கு வாங்க ஆள் உண்டு. அவற்றை விற்றுத்தான் மையமே நடக்கிறது. அதன்பின் மேசையில் ஒரு குவியல் மிஞ்சும். சிப்ஸ், பிஸ்கட், மசாலாப்பொடி உறைகள், ஷாம்பு சாஷேக்கள், தெர்மகோல், குழம்பு ஒட்டிக் காய்ந்த பார்சல் டப்பாக்கள் எல்லாம் அதில் கிடக்கும். சிப்ஸ் உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளி போல மின்னும். அது பிளாஸ்டிக் படலத்தின் மீது படிந்த மிக மெல்லிய அலுமினியம். அந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம் என்பதால் யாரும் வாங்குவதில்லை. பெரும்பாலும் இவை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. மறுசுழற்சிக்குப் போகும் என்று நினைத்து நாம் போடுவதில் கணிசமான பங்கு இப்படிச் சூளையில்தான் முடிகிறது.

ஆகவே பை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடாதீர்கள். அட்டைப் பெட்டி இடத்தை அடைத்தாலும் அதற்கு மறுவாழ்வு உண்டு; ஒரு பிடிக்குள் அடங்கும் சாஷேக்களுக்கு இல்லை. ஒரு வாரத்து உலர் கழிவை ஞாயிற்றுக்கிழமை தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, பழைய பேப்பர் கடைக்காரர் வாங்குவாரா, மாட்டாரா என்ற ஒரே கேள்வியை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். வாங்கமாட்டார் என்ற பக்கத்தில் எது அதிகமோ அதுதான் நீங்கள் முதலில் நிறுத்த வேண்டியது. உங்கள் பட்டியலைப் பார்த்தால் அது நொறுக்குத்தீனி உறைகளாகவும் பார்சல் டப்பாக்களாகவும்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் அதன் மூலையை முழுதாக வெட்டி எடுக்கிறார்கள். விரல்நுனி அளவே உள்ள அந்த முக்கோணத் துண்டு, எந்தப் பைக்குள்ளும் நிற்காமல் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போய்விடுகிறது; மையத்தில் அதை யாராலும் பொறுக்க முடியாது. மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டி, பாலை ஊற்றியபின் பாக்கெட்டை அலசிக் காயவைத்துக் கொடுத்தால், துண்டும் சேர்ந்தே மறுசுழற்சிக்குப் போகும். அலசாமல் போட்ட பாக்கெட் ஒரே நாளில் புளித்து நாறி, கூட இருக்கும் காகிதத்தையும் கெடுக்கும். அதைக் கையால் பிரிக்கிறவர்களைப் பார்த்தவன் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கவும் வழியில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை உண்டு. சிப்ஸ் உறை இல்லை. கடைகளில் துணிப்பை போலத் தோற்றமளிக்கும் வண்ணப் பைகள் பலவும் பாலிப்ரொப்பிலீன் இழையில் செய்யப்பட்ட பிளாஸ்டிக்கே. அவற்றை மறுத்துவிட்டுப் புதிதாகத் துணிப்பை வாங்கவும் வேண்டாம். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் கொண்டாலே ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் அவ்வளவு நீரும் ஆற்றலும் செலவாகின்றன. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கிடைத்த மஞ்சள் பைகள் நம் வீடுகளில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் இரண்டை வண்டியிலும் ஒன்றை அலுவலகப் பையிலும் வைத்துவிட்டால் போதும்.

மல்லேஸ்வரம் அம்மா:

மகளே, தொண்டர் தம்பி சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அவர் பேசியது உலர்ந்த குப்பை பற்றி மட்டும். நம் வீட்டுக் குப்பையில் எடையில் பாதிக்கும் மேல் ஈரக் குப்பைதான். மாவல்லிபுராவிலும் மண்டூரிலும் இந்த நகரம் கொட்டிய மலைகளில் நாறிக் கிடந்ததும், நிலத்தடி நீரில் இறங்கியதும் நம் அடுப்படியிலிருந்து போனதுதான். மண்டூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2014 இறுதியில்தான் அங்கே கொட்டுவது நின்றது. அந்த ஊர் மக்கள் குடித்த தண்ணீரை நினைத்தால், சோற்றைக் கொட்டக் கை வராது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில். இந்திய வீடுகளுக்கு அவர்கள் போட்ட மதிப்பீடு, தோல், கொட்டை எல்லாம் சேர்த்து, ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். இப்படிப் போகும் உணவு காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியில் மக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் காலத்தை வைத்துக் கணக்கிட்டால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

என் வீட்டில் இதற்கு நான் கண்ட வழி எளிது. சந்தைக்குப் போவதற்கு முந்தைய நாள் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. பெட்டியில் இருக்கும் காய்களை எல்லாம் எடுத்து அவியலோ கூட்டோ சாம்பாரோ வைத்து முடித்துவிடுவேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், கண்ணுக்கு நேராக, மிச்சம் மீதிக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். யார் பசித்துத் திறந்தாலும் முதலில் படுவது அது. கீழ்த்தட்டில் பின்னால் தள்ளிவைத்த கிண்ணம்தான் கெட்டுப் போகிறது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக அரைக்கலாம், முள்ளங்கி இலையைப் பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்யலாம், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு நன்றாக இருக்கும். மிஞ்சிய சோற்றைச் சீரகமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் வைத்தால் வடாம் ஆகிவிடும். உங்கள் மாமியாருக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், கேளுங்கள். டப்பாவைக் கழுவி அடுக்குகிற கை, எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த கை.

பால்கனியில் உரமாக்குவது தாராளமாக நடக்கும். மூன்றடுக்கு மண்பானை இந்த நகரத்தில் எளிதாகக் கிடைக்கிறது. காய்கறித் தோலை ஒரு கை போட்டால் அதற்கு மேல் காய்ந்த சருகையோ தேங்காய்நார்த் தூளையோ அதே அளவு தூவி மூட வேண்டும்; அவ்வப்போது கிளறி, காற்றுப் புகவிட வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மக்குவது விரைவாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது, அதுதான் பதம். மீன், இறைச்சி மிச்சங்களைப் பழகும் வரை போட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மேல்மண் போல உதிரியாக, மழை பெய்த தரையின் வாசனையோடு உரம் கிடைக்கும். நேரில் பார்த்துவிட்டுத் தொடங்க விரும்பினால் எச்எஸ்ஆர் லேஅவுட்டில் உள்ள ஸ்வச்சாகிரஹ கலிகா கேந்திரத்தில் பல வகை உரத்தொட்டிகளை வைத்துக் காட்டுகிறார்கள்.

எச்எஸ்ஆர் முகில்:

மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வாசகி அவர்களின் மூன்றாவது கேள்வியை இருவருமே கடந்து போய்விட்டார்கள். வடாம் பிழிவதும் பாக்கெட் அலசுவதும் உரத்தைக் கிளறுவதும் யார் வேலை? நடுவண் அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். இந்த நிலையில் புதிய பழக்கம் எதைக் கொண்டுவந்தாலும் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழும். அப்படி விழுந்தது சில மாதங்களில் கைவிடப்படும். எங்கள் குடியிருப்பில் ஆர்வத்தோடு வாங்கிய உரப்பானைகள் பல வீடுகளில் காலியாக நிற்பதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை.

ஆகையால் நாள்தோறும் உழைப்பு கேட்காத மாற்றங்களிலிருந்து தொடங்குங்கள் என்பது என் கருத்து. அவற்றுள் முதன்மையானது, பொருள் வீட்டுக்குள் வரும் வாசலை ஒடுக்குவது. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, தேவைப்படுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றும், வாரம் ஒருமுறை கணவர் போய் வாங்கிவர வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் பருப்பும் அரிசியும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். டப்பாவைக் கொண்டுபோனால் அதிலேயே போடுகிறார்கள். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டுக்கு நான் எவர்சில்வர் தூக்கோடு போய்த்தான் இறைச்சி வாங்குகிறேன். இதுவரை எந்தக் கடைக்காரரும் மறுத்ததில்லை. செயலியில் துழாவித் தேடி வாங்குவதில் பாதி, தாளில் எழுதும்போதே தேவையில்லை என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றைச் செய்தால் அலசவும் பிரிக்கவும் வேண்டியவையே குறைகின்றன, வேலை கூடுவதில்லை.

ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது நியாயமும் அல்ல. வரவழைப்பதற்குப் பதிலாக இறங்கிப்போய்ச் சாப்பிடுங்கள். நின்றபடியே சாப்பிட்டுப் போகும் தர்ஷினி உணவகங்கள் தெருவுக்குத் தெரு உள்ள ஊர் இது. எவர்சில்வர் தட்டில் இட்லி, டம்ளரில் காப்பி. சாப்பிட்டு முடித்தால் மிஞ்சுவது கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும், அதையும் அவர்களே கழுவிக்கொள்கிறார்கள். வாங்கித்தான் வர வேண்டும் என்றால் அடுக்குத் தூக்கைக் கொண்டுபோகலாம்.

தனிமனிதர் பழக்கத்தைப் பேசும்போது உற்பத்தியாளரின் பொறுப்பு மறந்துபோகிறது என்பதும் எனக்கு வருத்தம். உறைகளைச் சந்தையில் விடும் நிறுவனங்களே அவற்றைத் திரும்பப் பெற்றுக் கையாள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. நாம் வாங்காமல் விடும் ஒவ்வோர் உறையும் ஒரு செய்தி என்றாலும், நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுவதும் குடியிருப்புச் சங்கத்தில் பேசுவதும் சேர்ந்தால்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

அல்சூர் வாசகி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தொண்டர் ஐயா சொன்னபடி செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பார்த்தோம். பிள்ளைகளும் உட்கார்ந்து பிரித்தார்கள். விலைபோகாத பக்கத்தில் நொறுக்குத்தீனி உறைகளே அதிகம். மாவுப் பைகளும் நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன. மாவு அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்று எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது, பாத்திரம் கொண்டுபோனால் போதும் என்று மாமியார் சொன்னார். சந்தைப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னும் இரண்டு கேட்க வேண்டும். மகளின் பிறந்தநாளுக்குக் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவரும் வருவார்கள். காகிதத் தட்டு, கோப்பைகளை எப்படித் தவிர்ப்பது? அடுத்து, சிவப்புத் தொட்டியில் சேரும் நாப்கின்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. மகளும் வளர்ந்து வருகிறாள், அதனால் கேட்கிறேன்.

ஜாலஹள்ளி செவிலி:

இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்கு நன்றி சகோதரி. பெண்கள் கூடும் இடங்களில்கூட இது பேசப்படாமல் போகிறது. கடையில் கிடைக்கும் நாப்கின்களில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் உண்டு. ஈரத்தை உறிஞ்சும் பொடியும் பாலிமரே. அது மக்காது, எளிதில் மறுசுழற்சிக்கும் ஆகாது. பெரும்பாலும் எரிக்கவோ புதைக்கவோதான் முடியும். அதைப் பயன்படுத்திவரும் வரை, பயன்படுத்தி முடித்ததைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி ஒன்று வைத்துக் கொடுங்கள். பிரிக்கும் பெண்கள் அதைத் திறக்காமலேயே அடையாளம் கண்டு ஒதுக்குவார்கள். ஒரு நொடி வேலை. வேறொரு பெண்ணுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

குறைக்க விரும்பினால் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின், மாதவிடாயின்போது உடலுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான் கிண்ணம் என இரண்டு வழிகள் உள்ளன. கிண்ணத்தை ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டெடுத்து, முறையாகப் பேணினால் பத்தாண்டு வரை உழைக்கும். கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதை வழங்கிப் பழக்கியது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பயிற்சியும் பேச்சும் முதலில் நடந்தன, பொருள் பிறகுதான் வந்தது. உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று நீங்கள் முதலில் பாருங்கள். பழகச் சில மாதங்கள் ஆகலாம். மகளுக்குத் துணி நாப்கினில் தொடங்குவது எளிது. எதுவாயினும் அவள் விருப்பப்படி விடுங்கள். சுற்றுச்சூழலின் பெயரால் ஒரு சிறுமியை அச்சத்துக்கோ கூச்சத்துக்கோ ஆளாக்கக் கூடாது. துணி நாப்கினை வெயிலில் உலர்த்த முடியாத வீடாக இருந்தால் அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஈரம் நின்றால் தொற்று வரும்.

பிறந்தநாளுக்கு வருவோம். காகிதக் கோப்பையின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதையும் எளிதில் மறுசுழற்சி செய்ய இயலாது. இந்நகரில் அதம்ய சேதனா அமைப்பு நடத்தும் தட்டு வங்கி, விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டுகளையும் டம்ளர்களையும் இரவலாகத் தருகிறது. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், கழுவித் திருப்பித் தர வேண்டும். இருபது முப்பது பிள்ளைகள்தான் என்றால் அதுவும் தேவைப்படாது. நாலு வீட்டுத் தட்டுகளைச் சேர்த்தாலே போதும். எங்கள் குடியிருப்பில் சங்கப் பணத்தில் ஐம்பது தட்டும் டம்ளரும் வாங்கிப் பொதுவில் வைத்திருக்கிறோம், சாவி காவலாளியிடம் இருக்கும். கொடுத்தனுப்பும் பரிசுக்கு, உறையில் சுற்றிய பொம்மைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கதைப்புத்தகம் கொடுங்கள். அல்லது உங்கள் மாமியார் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களில் மண்ணும் உரமும் போட்டு, அடியில் துளையிட்டு, துளசியோ ஓமவல்லியோ நட்டுக் கொடுக்கலாம். ஓமவல்லி கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பே நட்டால் கொடுக்கும் நாளில் வேர் ஊன்றியிருக்கும்.